மதராஸுக்குப் பனிக்கட்டி அனுப்பிய ஊரில்

ஏப்ரல் மாதம். நம் ஊரில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டு மோர் கேட்கும் மாதம். இங்கே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு ஊரின் வால்டன் குளக்கரையில், என் மூச்சு வெண்புகையாக எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வசந்தம் வந்து பல நாளாகிறதாம்! பைன் மர நிழலில் அழுக்கேறிய பனித்திட்டு இன்னும் கிடந்தது. அந்த விடியற்காலைக் காற்றில் பிசின் வாசனை, ஈர இலை வாசனை. இழுத்து மூச்சுவிட்டால் மூக்கின் உள்பக்கம் சில்லென்று வலிக்கிறது.

"மாமா, ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போடுங்க. தண்ணியிலதான் நிக்கப் போறோம்" என்றான் அக்கா மகன். பாஸ்டனில் வேலை, விடுமுறை நாளெல்லாம் தூண்டிலும் கையுமாகத் திரிகிறவன். மார்புவரை ஏறும் நீர்புகா உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. குளிர் மட்டும் தாராளமாக வந்தது.

ஃப்ளை ஃபிஷிங் என்ற இந்தத் தூண்டில் முறையில் மண்புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சியாகவோ பொடிமீனாகவோ காட்டுகிற பொய் இரைதான் ஃப்ளை. அதற்கு எடையே இல்லை. எடையெல்லாம் கயிற்றில் இருக்கிறது. கயிற்றைத் தலைக்கு மேலே பின்னால் வீச வேண்டும். அது காற்றில் முழுதாக நீண்ட பிறகுதான் முன்னால் வீச வேண்டும். "பொறுங்க மாமா, பொறுங்க... இப்போ!" அந்த ஒரு நொடிப் பொறுமையில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. சரியாக விழுந்தபோது, நீரில் ஒரு சலனம்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கோலில் கயிறு ஓடும் வளையங்களைப் பனி அடைத்துக்கொண்டது. உடனே கோலைக் குளத்தில் முக்கிக் கரைத்தான். தண்ணீர் காற்றைவிடச் சூடு! இப்படியும் ஓர் ஊர்!

அவன் கட்டியிருந்த ஃப்ளைக்கு 'கிரே கோஸ்ட்' என்று பெயர். வடக்கே மெய்ன் மாநிலத்தில், தொப்பி அலங்கரிக்கும் தொழில் தெரிந்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி உருவாக்கியது. ஐஸ் உடைந்த புதிதில் இந்தப் பக்கத்துக்காரர்கள் விரும்பி எடுப்பது. அதன் தலையின் இருபுறமும், கண் வரைந்தாற்போல, மெழுகு மினுக்குடன் மஞ்சள் புள்ளி. "இது யாரோட இறகு தெரியுமா? நம்ம காட்டுக்கோழி!" வாயடைத்துப் போனேன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு! ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. நம் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தபின், வெளிநாட்டில் வளர்க்கும் பறவைகளிடமிருந்து எடுக்கிறார்கள். தடை செய்தது மிக நல்ல காரியம்.

கரையோரத்திலேயே மீன் கிடைக்கும் என்றான். நூறு அடிக்கு மேல் ஆழமுள்ள குளத்தில் ஏன் கரையோரம்? தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். ஐஸ் உருகி மேல்நீர் அந்தச் சூட்டை எட்டும்போது கனத்து இறங்கும், அடிநீர் மேலே வரும். காற்றும் சேர்ந்து குளம் முழுவதையும் கலக்கிவிடும். கோடையில் ஆழத்துக் குளிர்ச்சியைத் தேடி ஒதுங்கும் ட்ரவுட் மீன், இந்த நாட்களில் வெயில் படும் கரையில் இரை தேடித் திரியும்.

திரிந்தது! கயிறு விறைத்தது, கோல் வில்லாக வளைந்தது. குளிரும் மறந்தது, வயதும் மறந்தது. ரெயின்போ ட்ரவுட்: உடம்பெங்கும் கரும்புள்ளி, விலாவில் ரோஜாநிறப் பட்டை. "கையை நனைச்சுட்டுத் தொடுங்க மாமா, உலர்ந்த கை பட்டா மேல இருக்கிற வழவழப்பு போயிடும்." நனைத்த கையில் ஒரு கணம் ஏந்தினேன், ஓர் உதறலில் போய்விட்டது. பிடித்த மீனை விடுவதா? குழம்புக்குப் பிறந்த எனக்கு அது புதிது. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

மதியம் கரையில் உட்கார்ந்து சூடான சூப் குடித்தோம். மரங்களுக்குப் பின்னால் பாஸ்டன் ரயில் தடதடத்தது. எழுத்தாளர் தோரோ இங்கே குடிசை போட்டு வாழ்ந்த 1845–47 காலத்திலும் அதே பாதையில் ரயில் ஓடியிருக்கிறது. கல்லைக் கட்டிய நூலை விட்டுக் குளத்தின் ஆழத்தை அளந்தவர் அவர்: 102 அடி. 1846–47 குளிர்காலத்தில் ஐஸ் வியாபாரி ஃபிரெடெரிக் ட்யூடரின் ஆட்கள் வந்து இந்தக் குளத்தின் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்ததையும் பார்த்தார். குவித்ததில் பெரும்பகுதி கரையிலேயே உருகிக் குளத்துக்கே திரும்பியதாம்.

ட்யூடர் என்றதும் எனக்கு மெரினா கண்ணில் வந்துவிட்டது. மாசசூசெட்ஸ் குளங்களின் ஐஸை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடல் தாண்டி மதராஸுக்கு அனுப்பியவர் அவரேதான். அதை வைக்க 1842-இல் கட்டிய கிடங்குதான் நம் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். எத்தனை முறை பஸ்ஸில் அதைக் கடந்திருப்பேன்! பூமத்திய ரேகையின் வெயிலையும் தாண்டி வந்த பனிக்கட்டி! இங்கிருந்து ஐஸ் போயிருக்கிறது, அங்கிருந்து கோழியிறகு வந்திருக்கிறது. நான்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறேன். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். பல் கிட்டியது.

மாலையில் வெயில் கொஞ்சம் உறைத்ததும் பக்கத்துச் சதுப்பில் தவளைகள் ஆரம்பித்தன. ஓர் அங்குலம்தான் இருக்கும் ஒவ்வொன்றும். ஆயிரம் சலங்கையைக் குலுக்கிய சத்தம்! அக்கா மகன் ஏதோ கத்தினான், கேட்கவில்லை. பக்கத்தில் வந்து காதருகே சொன்னான்: "போலாமா மாமா?"

"இன்னும் ஒரே ஒரு வீச்சுடா" என்றேன்.