ஒரு வாரத் தவணை

1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி காப்டன் சுந்தரம் காப்பாற்றினாரே, அதிலிருந்து பிறந்த புளூ கிராஸிலிருந்துதான் எங்கள் மயிலாப்பூர் ஜாகைக்கு ஒரு நாட்டு நாய் வந்தது. "ஒரு வாரம் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றேன். 'புடவையா அது?' என்று மனைவி கேட்கவில்லை, பார்த்தாள்.

கட்டிலடியை விட்டு அது நகரவில்லை. கபாலி கோயில் மேளம் கேட்டால் நடுக்கம். விடியற்காலை நாலு மணிக்கு, நான் எழுத உட்காரும் நேரம் பார்த்து ஊளை. பயந்த நாய் பழக மாதக்கணக்கில்கூட ஆகும் என்றார் டாக்டர். எனக்கோ வாராவாரம் தொடர்கதை!

எட்டாம் நாள் ஆட்டோவை அழைத்துவிட்டேன். சங்கிலியை எடுத்ததும், உலாவப் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ, தானாக வெளியே வந்து முதல் தடவையாக வாலை ஆட்டிற்று. ஆட்டோக்காரருக்குக் காத்திருந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மாட வீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்.

எழுத்து இப்போது ஆறு மணிக்கு.