தாத்தாவுக்கு நாங்கள் யார்?

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்னும் பழமொழியைப் பள்ளியில் படித்தோம். அதன் பொருளை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் தாத்தாவே.

மாமல்லபுரத்தில் 40 ஆண்டுகள் கருங்கல்லில் சிலை வடித்தவர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் மூளைக்காய்ச்சல் கண்டது. உயிர் தப்பியது, நினைவாற்றல் தப்பவில்லை. இளமைக்காலக் கதைகளைத் தடையின்றிச் சொல்வார். காலையில் உண்ட இட்டிலி நண்பகலில் நினைவிராது. ஞாயிறுதோறும் அக்காள் தங்கையராகிய நாங்கள் இருவரும் செங்கற்பட்டில் பேருந்து ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக அவரைக் காணச் செல்வோம். ஒவ்வொரு முறையும், "யார் வீட்டுப் பிள்ளைங்கம்மா நீங்க?" என்பார்.

ஆனால், விந்தையைக் கேளுங்கள்! நோய்க்குப் பிறகே தாத்தாவும் பாட்டியும் கடலோரத்தில் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். "தண்ணிப் பானை எங்கே இருக்கு தாத்தா?" என்று கேட்டால், "தெரியலையேம்மா" என்பார். தாகம் எடுத்தாலோ நேரே பானையிடம் போய் நிற்பார். உளியைக் கொடுத்தால் விரல்கள் தாமாகவே சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

காரணத்தை நூல்களில் தேடினோம். நினைவு ஒரே வகையன்று. 'நேற்று இது நடந்தது' என்று எடுத்துச் சொல்ல முடிவது வெளிப்படை நினைவு. நாம் அறியாமலே நம் செயலில் தெரிவது உள்ளுறை நினைவு. அமெரிக்கரான ஹென்றி மொலேசனுக்கு வலிப்பு நோய் தீர 1953-இல் மூளையில் அறுவை செய்தார்கள். புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பங்கு அப்போது நீக்கப்பட்டது. அதன்பின் அன்றாட நிகழ்ச்சிகள் அவர் மனத்தில் தங்கவில்லை. ஆயினும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் என்னும் உளவியலறிஞர் அளித்தபோது, மூன்றே நாளில் தேர்ந்துவிட்டார். முன்பு வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில்லை!

இனி எங்கள் பிழையைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிறன்று தாத்தா ஐந்தாறு முறை கேட்டுவிட்டார். "எத்தனை தடவை சொல்றது தாத்தா?" என்று இருவரும் சீறினோம். அவர் முகம் வாடியது. 'எப்படியும் மறந்துவிடுவார்' என்று எங்களைத் தேற்றிக்கொண்டோம். அடுத்த வாரம் அவருக்கு அது நினைவில்லைதான். எனினும் எங்களைக் கண்டதும் பாட்டியின் பின்னால் ஒதுங்கினார். பாட்டி காரணம் கேட்டதற்கு, "தெரியலை" என்றார்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேட் 1911-இல் எழுதிய செய்தி ஒன்று உண்டு. கைக்குள் ஊசியை மறைத்து, மறதி நோயுற்ற பெண் ஒருத்தியுடன் அவர் கைகுலுக்கினார். ஊசி குத்தியதை அவள் மறந்தாள். ஆனால் மறுமுறை அவர் கை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டாள். இதைப் படித்தபோது, எங்கள் சொல்லே அந்த ஊசி என உணர்ந்து வெட்கினோம்.

தோழியரே! மறதியுற்ற முதியவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், 'இவருக்கு என்ன தெரியப்போகிறது?' என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் இப்போது தாத்தாவைச் சோதிப்பதில்லை. எத்தனை முறை கேட்டாலும் சிரித்த முகத்துடன் பெயர் சொல்கிறோம். மாதங்கள் பல சென்றுவிட்டன. இன்றும், "யார் வீட்டுப் பிள்ளைங்கம்மா நீங்க?" என்றுதான் கேட்கிறார், கேட்டுக்கொண்டே திண்ணையில் நகர்ந்து எங்களுக்கு இடம் விடுகிறார்.