ஆற்றுப்படுத்தும் அறம்

பரிந்து உரைப்பது பரிந்துரை. ஒருவர்பால் கொண்ட பரிவினால் அவர்பொருட்டுப் பேசுதல் என்பது அதன் பொருள். மறுமை நாளில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்தாருக்காக இறைவனிடம் செய்யும் ஷபாஅத்தையும் நாம் பரிந்துரை என்றே வழங்குகிறோம். இத்துணை உயர்ந்த செயல், 'சிபாரிசு' என்று பேச்சில் வழங்கும்போது ஒரு சிறுமையையும் உடன்சுமக்கிறது. வேண்டியவர்க்கு வாயில் திறப்பதும் வேண்டாதவர்க்கு அடைப்பதுமே அச்சிறுமை.

பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த எம் பழைய மாணவர் இருவர் அண்மையில் ஒரு தொழில் முயற்சி குறித்து எம்மிடம் கலந்துரையாடினர். மின்பணியாளர், தச்சர், கொத்தனார், குழாய் பழுதுபார்ப்பவர் ஆகியோருள் நம்பத்தக்கவர் யாவர் என்பதை ஊரார் கைப்பேசி வழியே ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதற்கொரு தமிழ்ப்பெயர் வேண்டும் என்றனர். 'ஆற்றுப்படை' என்றோம் யாம்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனைத் தனக்கு ஈந்த வள்ளலிடம் வழிப்படுத்துகிறான். அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை நம் கச்சி மாநகர்க்கே உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் காட்டுகிறார். இடைவழியில் எந்நிலத்தார் எவ்வுணவு அளிப்பர் என்பதையும் அவர் விடவில்லை. இங்கே பரிந்துரைப்பவன் தானே பயன் பெற்றவன். முகம் காட்டி எதிரே நின்று பேசுபவன். அவ்வாறு பேசுவதற்குக் கூலி கொள்ளாதவன். இம்மூன்றுமே அவன் சொல்லுக்கு மதிப்பைத் தருகின்றன.

1995-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஆஞ்சி ஹிக்ஸ் என்னும் இளம்பெண் வீடு வீடாகச் சென்று உறுப்பினரைச் சேர்த்தார். 'ஆஞ்சிஸ் லிஸ்ட்' நிறுவனம் அவ்வாறு வளர்ந்தது. பணியாளரைப் பற்றி அறிய விரும்பியோர் உறுப்பினர் கட்டணம் செலுத்தினர். பின்னாளில் பணியாளர் தரும் விளம்பரப் பணம் பெருகிற்று; 2016-இல் மதிப்புரைகளைக் கட்டணமின்றியே காணலாம் என்றாயிற்று. நம் நாட்டில் 1996-இல் மும்பையில் தோன்றிய ஜஸ்ட் டயலும் பட்டியலில் இடம்பெறும் வணிகர் தரும் பணத்தையே பெரிதும் நம்பியது. பணம் தருபவன் பெயர் முன்னே நின்றால், கேட்பவன் ஐயுறுவது இயல்பன்றோ? பொய் மதிப்புரைகள் மலியவே, 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டு, எழுதுபவரின் மெய்ம்மையைச் சரிபார்க்க வழி வகுத்தது.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. செய்தியை மட்டும் நோக்காது, அதனை யார் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும், அவர்தம் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்த பின்னரே இமாம் புகாரி (810–870) போன்ற பேரறிஞர் அதனை ஏற்றனர்.

பிள்ளையார்பாளையத்தில் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். ஜக்கார்டு பெட்டி பழுதாகும் நாளில் கைதேர்ந்தவர் யார் என்பதை நெசவாளர் அண்டை வீட்டாரிடமே கேட்டறிகின்றனர். அவ்வாய்மொழி நம்பத்தக்கது, ஆயினும் ஒரு தெருவுக்குள், ஓர் உறவுக்குள் சுழல்வது. புதிதாய்த் தொழில் கற்ற இளைஞனின் பெயர் அடுத்த தெருவை எட்டுவதில்லை. அக்குறையை இம்மாணவரின் முயற்சி தீர்க்கக்கூடும். அதேவேளை, பெயர் மறைத்த ஒருவரின் சினம், எழுதப் படிக்க அறியாத பணியாளர் ஒருவரின் பிழைப்பைப் பறித்தலும் கூடும்.

எனவே யாம் அவர்க்குச் சொன்னவை இவை: வேலை செய்வித்தவரே தம் பெயரோடு கூறட்டும், குறை கூறினால் பணியாளரின் மறுமொழியும் அருகே இடம்பெறட்டும், முன்னிடத்தை விலைக்கு விற்காதீர். “அவ்வாறாயின் வருவாய்க்கு வழி என்ன ஐயா?” என்றார் ஒருவர். நேர்மையான வினாவே அது. பயன் பெறுவோரிடம் சிறுதொகை பெறுங்கள் என்றோம். “காஞ்சிபுரத்தில் கேட்டுச் சொல்ல யார் பணம் தருவார்?” என்று மற்றவர் நகைத்தார். முதலில் சில தெருக்களில் தொடங்கி, நம்பிக்கை வளர்ந்த பின் கேட்டுப் பார்ப்பது என முடிவாயிற்று.

மாணவச் செல்வங்களே! பிறர் பெயர் உங்கள் நாவில் ஓர் அமானிதம். நன்கறிந்து புகழுங்கள், நன்கறிந்தே குறை கூறுங்கள். அத்தகைய முயற்சிகளில் வல்ல இறைவன் பரக்கத் அருள்வானாக!