மலிவு வொர்க்ஸ்டேஷனில் எதை வெட்டினார்கள்?

விலை உயர்ந்த ஒரு கணினிக்கு மலிவுப் பதிப்பு எப்படிப் பிறக்கிறது? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளினால் போதும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது சரிதானா என்று பார்க்க நான் எடுத்துக்கொண்டது, சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1993 ஜூலையில் வெளியிட்ட இண்டி. மானிட்டருக்கு அடியில் அடங்கிவிடும் நீலப் பெட்டி. கூடவே ஒரு டிஜிட்டல் கேமரா. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கிய இயந்திரங்களின் நிறுவனம், இதற்கு 4,995 டாலர் தொடக்க விலை வைத்தது. இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் தடம் இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டியும் அவருடைய சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் தனிநபர் வொர்க்ஸ்டேஷனுக்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள்: 1 மெகாபைட் மெமரி, 10 லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்கு 10 லட்சம் கட்டளைகள். பிறகு நான்காவதாக விலையும் அதில் சேர்ந்தது: 10 லட்சம் சென்ட், அதாவது 10,000 டாலர். எல்லாம் செய்து முடித்தபின் விலைச்சீட்டு ஒட்டுவது வேறு; மெமரியைப் போலவே விலையையும் முதலிலேயே நிபந்தனையாக வைப்பது வேறு. மலிவு வொர்க்ஸ்டேஷன் என்ற எண்ணத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு தடம் ஸ்டான்ஃபோர்டுக்குப் போகிறது. அங்கே ஜிம் கிளார்க் உருவாக்கிய ஜியோமெட்ரி எஞ்சினில் ஒரே வகை சிப் 12 இடங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முதல் 4 சிப்கள் முப்பரிமாணப் பொருளைச் சுழற்றி, நகர்த்தும். அடுத்த 6 சிப்கள் பார்வை எல்லைக்கு வெளியே போகும் பகுதியைக் கத்தரிக்கும், பக்கத்துக்கு ஒரு சிப். கடைசி 2, மிஞ்சியதைத் திரையின் அளவுக்குப் பொருத்தும். கிளார்க் தொடங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸின் புகழ் இந்த வரிசையின் மேல்தான் நின்றது. அந்த வரிசையையே எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று எவரும் கேட்பார்கள். ஆனால் மலிவு மாடலில் அவர்கள் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான். 1991இல் வந்த இண்டிகோவின் அடிப்படை மாடலிலேயே தனி ஜியோமெட்ரி சிப் இல்லை. கணக்கை மையச் செயலி போட்டது; கிராஃபிக்ஸ் போர்டு கோடு இழுத்து நிறம் நிரப்புவதோடு நின்றுகொண்டது. இண்டியின் அடிப்படை மாடலும் அதே வழியில் போனது. வேலை இடம் மாறியதே தவிர, காணாமல் போகவில்லை. மேல்நிலை இயந்திரத்துக்கு எழுதிய நிரல் இதிலும் ஓடியது, மெதுவாக.

மெமரியில் இந்தப் புத்தி வேலை செய்யவில்லை. 4,995 டாலர் இண்டியில் இருந்தது 16 மெகாபைட். அதோடு வந்த ஐரிக்ஸ் 5.1 இயங்குதளமோ அதற்குள் அடங்க மறுத்தது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் டாம் டேவிஸ் 1993 அக்டோபரில் எழுதிய உள்குறிப்பு பின்னர் வெளியே பரவியது. அடிப்படை இண்டி மந்தமாக இருக்கிறது என்று அதில் அவர் மறைக்காமல் சொல்லியிருந்தார். கிராஃபிக்ஸ் சிப் இல்லையென்றால் ஒரு படம் தாமதமாக வரும், அவ்வளவுதான். மெமரி பற்றாவிட்டால் ஒவ்வொரு ஜன்னலும் டிஸ்க்குக்குப் போய்த் திரும்பும். சின்ன வேலைகூடத் திணறும்.

மெமரி அன்று யானை விலை, வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இண்டி வந்த அதே ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. சிப்களைப் பொதியும் எபாக்சி ரெசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. மெமரி விலை எகிறியது. ஆனால் மெமரியைக் கூட்ட முடியாவிட்டால் மென்பொருளைக் குறைத்திருக்க வேண்டும். டேவிஸின் குறிப்பு குறைபட்டுக்கொண்டதும் மென்பொருள் ஊதிப்போனதைப் பற்றித்தான். வன்பொருளுக்கு வைத்த பட்ஜெட்டை மென்பொருளுக்கும் வைக்காததே கோளாறு.

கடைசியில் பிசிதானே வென்றது, இந்த ஆராய்ச்சியால் என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. பிசி எந்தச் சூத்திரத்தால் வென்றது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டும் புள்ளிகளுக்கு நிறம் நிரப்பும் வேலையை மட்டுமே செய்தது. வடிவியல் கணக்கு பென்டியம் செயலியின் தலையில் விழுந்தது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 அந்தக் கணக்கை மீண்டும் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் கொண்டுவந்தது 1999இல்தான். ஆக, பிசி வென்ற ஆண்டுகளின் வேலைப் பிரிவினை, வொர்க்ஸ்டேஷன்காரர்கள் மலிவு மாடலுக்காக முன்பே செய்து பார்த்ததுதான்.

அதனால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளுவது மலிவு வடிவமைப்பு ஆகாது. வேறொரு பாகம் ஏற்றுக்கொள்ளக்கூடிய வேலையை முழுசாக எடுத்துவிடலாம். எல்லா வேலையும் சார்ந்திருக்கும் பாகத்தில் ஒரு துளியும் குறைக்கக் கூடாது. இன்று குறைந்த விலையில் ஒரு வொர்க்ஸ்டேஷன் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள், மெமரியில் இறங்காதீர்கள்.