வெட்டி ஒட்டியவன் வாக்குமூலம்

கோவை காந்திபுரத்தில், டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் உட்கார்ந்து ஃப்ளெக்ஸ் டிசைன் செய்வது என் பிழைப்பு. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோம்பி, கட்சி மாநாடு, தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள் எல்லாம் வரும். இந்தத் தொழிலில் தெரிந்தே ஒரு தப்புச் செய்து வருகிறேன். தெரியாமல் செய்திருந்தால் பிழை என்று தள்ளிவிடலாம். இது அப்படி இல்லை.

தலைவர்களின் வாழ்க்கையில் யாருக்காவது உறுத்தக்கூடிய பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பளபளவென்று அச்சடித்துக் கொடுக்கிறேன். அதைப் பார்த்து ஊர் அந்த மிச்சத்தையே முழு ஆள் என்று நினைக்கிறது.

நான் தொழில் பழகியது சுவரில். எனக்குக் கற்றுக்கொடுத்த பெயிண்டர் அண்ணன், வெள்ளையடித்த சுவரில் உதயசூரியனை டீ ஆறுவதற்குள் போட்டு முடிப்பார். "கண்ணு, எதையெல்லாம் போடலாம்னு பாக்காத. எதை எடுத்துப்போட்டா ஆளு தெரியாமப் போகும்னு பாரு. அதை மட்டும் போடு" என்பார். எழுத்தறியாத கோடிக்கணக்கான பேரையும் நம்பி 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, சின்னம் பார்த்து ஓட்டுப் போடும் ஏற்பாடு வந்ததே இந்தக் கணக்கில்தான். 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதல்முறையாகக் களத்துக்கு வந்தது. ஒரு காம்பு, இரண்டு இலை; அதில் எம்.ஜி.ஆர். எங்கும் இல்லை. ஆனால் ஜனங்கள் பார்த்தது அவரைத்தான். இலைக்கும் அவருக்கும் பிறவி உறவு ஒன்றும் கிடையாது. திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டியதில் ஒட்டிக்கொண்ட உறவு. ஒட்டியவர்களில் என்னைப் போன்றவர்களும் உண்டு.

சின்னத்தில் வெட்டுவது தப்பில்லை. வெட்டாமல் சின்னம் பிறக்காது. எங்கள் ஏரியாவின் பெயருக்குச் சொந்தக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு போட்டால் காந்தி வந்துவிடுவார், முகம் வேண்டியதில்லை. 2014-ல் தூய்மை இந்தியா இயக்கத்துக்கு அந்தக் கண்ணாடி மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆனால் அவர் தன்னையே ஒரு சின்னமாக வெட்டிக்கொண்டபோது அதற்கு ஒரு விலை கொடுத்தார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேல்துணியைக் கழற்றி அரையாடைக்கு மாறியவர், கடைசிவரை அதே உடையில்தான் இருந்தார். லண்டன் குளிரிலும் அதுதான், மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதுதான். அந்தத் துணி சொன்னபடி அவர் நடக்க வேண்டியிருந்தது. என் கம்ப்யூட்டரில் இருக்கும் காந்தி கண்ணாடிக்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. கொசு மருந்து விளம்பரம் வரைக்கும் ஒட்டியிருக்கிறேன்.

இனி என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் திருப்பூர் குமரன். 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தும் கையில் இருந்த கொடியை விடாதவர், மறுநாள் இறந்தார். கொடி காத்த குமரன் என்று பெயரே கொடியோடு சேர்ந்துவிட்டது. நான் செய்த குமரன் படம் எல்லாவற்றிலும் அவர் கையில் இருப்பது நடுவே அசோகச் சக்கரம் உள்ள கொடி. அந்தக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-ல். குமரன் காலத்தில் காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்தது இராட்டை. ஒரு பெரியவர், கதர்ச் சட்டைக்காரர், கடைக்கே வந்து சொன்னார்: "ஏனுங் தம்பி, பதினஞ்சு வருசம் கழிச்சு வரப்போற கொடிக்கா அந்தப் பையன் அடி வாங்குனான்?" மாற்றிவிடுகிறேன் என்று தலையாட்டினேன். மாற்றவில்லை. இராட்டை போட்டால் "இது எந்தக் கட்சிக் கொடிங்க?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள், விளக்கம் சொல்ல நேரம் ஆகும், அதற்குள் அடுத்த ஆர்டர் காத்திருக்கும். கதருக்குப் பேர்போன ஊர்க்காரன் கையில் இருந்து இராட்டையைப் பிடுங்கியது வெள்ளைக்காரப் போலீஸ் இல்லை, நான்தான்.

அடுத்தது வ.உ.சி. காந்திபுரத்தில் இருந்து நடந்தே போகிற தூரத்தில், நஞ்சப்பா ரோட்டில் மத்தியச் சிறை. 1908 ஜூலையில் இருந்து 1910 டிசம்பர் வரை அவர் அங்கேதான் அடைபட்டிருந்தார். மாடு பூட்ட வேண்டிய செக்கில் மனிதரைப் பூட்டி இழுக்கவிட்டார்கள். அவர் இழுத்த செக்கு என்று சிறை வளாகத்தில் ஒன்றுக்கு வருசா வருசம் மாலை போடுகிறார்கள். சென்னை கிண்டி காந்தி மண்டபத்திலும் ஒரு செக்கு அதே மரியாதையோடு நிற்கிறது. என் ஃப்ளெக்ஸில் நின்றது இந்த இரண்டும் இல்லை. செக்கு எண்ணெய் விற்கிற ஒரு கடையின் விளம்பரத்தில் இருந்து எடுத்தது. பென் டூலில் மாட்டை வெட்டி எடுத்தேன். தலைப்பாகை கட்டிய வக்கீல் படத்தில் இருந்து வ.உ.சி.யின் தலையை மட்டும் எடுத்து, வேறு யாரோ ஒருவர் உடம்பில் ஒட்டி நுகத்தடியில் நிறுத்தினேன். பிரிண்ட் ஆகி, ஓரம் மடித்து ஐலெட் அடிக்கும்போதுதான் பார்த்தேன்: மாட்டை எடுத்தவன் மாட்டின் நிழலை எடுக்கவில்லை. வ.உ.சி.யின் காலடியில் நான்கு கால் நிழல் விழுந்திருந்தது. அப்படியே சுருட்டிக் கொடுத்துவிட்டேன். விழா முடிந்து கழற்றும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நிழல்கூடக் கைப்பிசகு என்று போகட்டும். செக்கை மட்டும் வைத்ததுதான் மனசறிந்து செய்தது. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்து, வெள்ளைக்காரக் கம்பெனியோடு கடலில் போட்டி போட்டவர் அவர். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளோடு நின்று, வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தவர். சிறையில் இருக்கும்போதே அவர் தமிழில் மொழிபெயர்த்த ‘மனம் போல வாழ்வு’ 1909-ல் வெளிவந்தது. விடுதலையான பிறகு திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். இவை எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கப்பல் படம் வைத்தால் பார்க்கிறவர் நிமிர்கிறார். செக்கு வைத்தால் கண் கலங்குகிறார். கண் கலங்கினால் அடுத்த வருசமும் ஆர்டர் வரும். கோவை மில் ஊர். மில் தொழிலாளிகளோடு வ.உ.சி. நிற்கிற ஃப்ளெக்ஸ் ஒன்றுகூட இந்த ஊருக்காக நான் செய்ததில்லை. வேலைநிறுத்தம் செய்த தலைவருக்கு, விழாச் செலவை ஏற்கிற முதலாளியின் போட்டோவுக்குப் பக்கத்தில் எப்படி இடம் ஒதுக்குவது?

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. ஒரு சாதிச் சங்கத்துக்காரர் வந்து, "பேருக்குப் பின்னாடி பட்டத்தைப் பெருசாப் போடுங்க தம்பி, தூரத்துல இருந்தே தெரியோணும்" என்றார். அந்தக் காலத்து வழக்கப்படி வ.உ.சி. தானும் போட்டுக்கொண்ட பட்டம்தான். அதே மனிதர், பார்வையற்ற தாழ்த்தப்பட்ட குலத்துத் துறவி இராமையா தேசிகரைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். சுற்றத்தார் முறைத்தபோதும் மனைவி வள்ளியம்மை பரிமாறினார். இந்தக் கதையைத் தெரிந்து வைத்துக்கொண்டே பட்டத்தை மஞ்சள் எழுத்தில், சிவப்பு ஓரம் கட்டி, வ.உ.சி.யின் முகத்தைவிடப் பெரிதாக வைத்தேன்.

தீரன் சின்னமலை இன்னும் சுலபம். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அவர் காலத்துப் படம் எதுவும் நம் கையில் இல்லை. மீசை, குதிரை, வாள் எல்லாம் பின்னால் வந்த கற்பனை. முகமே இல்லாதவருக்கு எந்த முகத்தையும் வைக்கலாம். எந்தச் சங்கத்துக் கொடி நிறத்தையும் குதிரைச் சேணத்தில் பூசலாம். பூசியிருக்கிறேன். கம்பெனிக்கு எதிராகத் திப்பு சுல்தான் பக்கம் நின்று போர் செய்தவர் சின்னமலை என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஆனால் அவர் நினைவு நாளான ஆடிப் பதினெட்டுக்கு நான் செய்த எந்த ஃப்ளெக்ஸிலும் திப்பு இல்லை. அவரோடு நின்ற அருந்ததியர் வீரர் என்று போற்றப்படும் பொல்லானுக்கு ஈரோட்டுப் பக்கம் அரசு விழா எடுக்கிறார்கள். அந்த விழாவுக்கும் என்னிடம் ஆர்டர் வந்தது. சின்னமலை விழாவுக்கும் வந்தது. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே குதிரையை வலமும் இடமுமாகத் திருப்பிச் செய்து கொடுத்தேன். களத்தில் சேர்ந்து நின்றதாகச் சொல்லப்படும் இருவரை என் கடையில் ஒரே ஃப்ளெக்ஸில் நான் நிறுத்தியதே இல்லை.

"கூலிக்கு வேலை செய்யறவன், சொன்னதைச் செய்யறேன்" என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். திப்புவை எடுத்துவிடு என்று எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. நான் போட்டுக் காட்டியதே இல்லையே, அவர் எங்கே எடுக்கச் சொல்வது? பொல்லானைச் சேர்க்காதே என்று யாரும் மிரட்டவில்லை. மில் தொழிலாளி வேண்டாம் என்று யாரும் மறுக்கவில்லை. அவர்கள் மனசில் இருக்கும் என்று நான் நினைத்த வெறுப்பை, அவர்கள் வாய் திறக்கும் முன்பே நான் செயலாக்கினேன். அது அவர்கள் மனசில் இருந்ததோ இல்லையோ, என் ஃப்ளெக்ஸைப் பார்த்துப் பார்த்து இன்றைக்கு வந்திருக்கும்.

அக்கா மகள் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்காகக் கடைக்கு வந்திருந்தாள். சுவரில் சாய்த்திருந்த வ.உ.சி. சாம்பிளைப் பார்த்துவிட்டு, "இவரு எண்ணெய் ஆட்டறவருங்களா மாமா?" என்று கேட்டாள். கேள்வியில் தப்பே இல்லை. படத்தில் இருந்ததை அவள் சரியாகப் படித்தாள்.

அன்றைக்கு ரோஷம் வந்து ஒரு டிசைன் செய்தேன். வ.உ.சி. நடுவில், பின்னால் கப்பல், பக்கத்தில் கோரல் மில் தொழிலாளிகள் வரிசையாக. செக்கே இல்லை. சாம்பிள் ஃபோல்டரில் போட்டு வைத்தேன். வ.உ.சி. பிறந்த நாளான செப்டம்பர் 5-க்கு ஆர்டர் கொடுக்க வந்த ஒருவர் அதைப் பார்த்தார். பிடித்துத்தான் இருந்தது. "நல்லாத்தானுங் இருக்குது. ஆனா செக்கைக் காணமுங்களே?" என்றார். உடனே செக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன், தொழிலாளிகள் வரிசையை டெலீட் செய்தேன். அவர்களை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. "அவங்களும் இருக்கட்டுமேங்க" என்றுகூடச் சொன்னார். இடம் பத்தாதுங்க என்றேன்.

ஃப்ளெக்ஸ் இருபது அடிக்குப் பத்து அடி.