எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்

"டீச்சர், உங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவீர்களாமே, நிஜமா?"

இப்படிக் கேட்டவள் என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளில் ஒருத்தி. "உங்கள் காலத்தில்" என்று அவள் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. கரிகாலன் கல்லணை கட்டியபோது நான் மண் சுமந்தவள் என்று எண்ணிக்கொண்டாளோ, என்னவோ! ஆனால் அவள் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. ஆமாம், கழற்றினோம். கழற்றியதோடு நில்லாமல் காலையும் அலம்பிக்கொண்டு போனோம். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகாததை நாம் செய்யலாமா?

அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நடுவில் சிரிப்பதற்குச் சிறிது இடம் உண்டு. ஆனால் என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது.

அது 1999-ஆம் வருஷம். நாங்கள் திருச்சியில் இருந்தோம். அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் உத்தியோகம். நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு முளைத்திருந்த காலம். அந்த வித்தை தெரியாதவர்களுக்கு இனிமேல் ஜீவனமே கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது அப்பா, "நாமும் ஒன்று வாங்கிவிடலாம்" என்றார். மறு மாதமே பிராவிடெண்ட் பண்டிலிருந்து கடன் எடுத்துவிட்டார். விலை ரூ.38,000. அது அவருடைய ஐந்து மாதச் சம்பளத்துக்கும் அதிகம்.

செய்தி கேட்டு அத்தை வந்து சேர்ந்தாள்.

"ஏன் அண்ணா, இந்தப் பணத்துக்குப் பத்துச் சவரன் வாங்கலாமே! வயது வந்த பெண்ணை வைத்துக்கொண்டு, ஒரு டெலிவிஷன் பெட்டி போதாதென்று இன்னொரு பெட்டியா?" என்றாள்.

"பத்துச் சவரனைக் கழுத்திலேதான் போட்டுக்கொள்ளலாம். இதைத் தலைக்குள்ளே போட்டுக்கொள்ளலாம்" என்றார் அப்பா.

அத்தைக்கு அந்தப் பதில் திருப்தி அளிக்கவில்லை. எனக்கோ அதன் பொருள் முழுவதும் விளங்க வெகு நாள் ஆயிற்று.

யந்திரம் ஓர் ஆட்டோ ரிக்ஷாவில் வந்து இறங்கியது. திரைப் பெட்டியை அப்பா மடியில் வைத்து, பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தார். 14 அங்குலத் திரை, 32 மெகாபைட் நினைவகம், 4.3 ஜிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் 98. இவற்றையெல்லாம் தம்பி சகஸ்ரநாமம்போல் மனப்பாடம் செய்து தெருப் பிள்ளைகளிடம் ஒப்பித்துக்கொண்டு திரிந்தான். இன்று என் செல்போனில் எடுக்கிற படங்களில் பத்தை வைத்தால் அந்த 32 மெகாபைட்டும் நிரம்பிவிடும். ஆனால் அன்று அது சமுத்திரமாகத் தோன்றிற்று.

அம்மா தன் பழைய பட்டுப் பாவாடையைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். ஆயுத பூஜையன்று திரைக்கும் விசைப்பலகைக்கும் சந்தனம் குங்குமம் இட்டாள். பூஜையில் வைத்த புஸ்தகத்தை அன்று படிக்கக் கூடாதென்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதே சட்டம் கம்ப்யூட்டருக்கும் உண்டு என்று அம்மா தீர்ப்புச் சொன்னபோது, தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சிறை தண்டனை பெற்றவன் முகம்கூட அப்படி வாடியிராது.

1999 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு இன்னொரு வேடிக்கை. வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்துவைத்த பழைய கம்ப்யூட்டர்கள், 2000 பிறந்ததும் அதை 1900 என்று எண்ணிக் குழம்பிவிடும் என்று உலகமெங்கும் பயம். வங்கிகளும் ரயில்வேயும் என்னென்ன ஏற்பாடுகள் செய்தனவோ, எங்கள் வீட்டு ஏற்பாட்டை அம்மா செய்தாள். மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு உறையைப் போட்டு மூடிவைத்தாள். விடிந்து திறந்து பார்த்தால் அது சௌக்கியமாகவே இருந்தது!

நிற்க, இனி அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

யந்திரம் வாங்கியது எனக்காகத்தான். அதை எனக்கு முன்னால் கைவசப்படுத்திக்கொண்டவரோ அப்பா. தமிழில் அடிக்கும் எழுத்துரு ஒன்றை யாரோ ஒரு சிநேகிதர் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, தமிழ் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டுமென்று ஆராய்ந்திருந்தார்கள். அதெல்லாம் எங்கள் வீடுவரை வந்து சேரவில்லை. சிநேகிதர் கொடுத்த எழுத்துருவில் விசைகள் ஏறக்குறைய டைப்ரைட்டரில் உள்ளபடியே அமைந்திருந்தன. அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? முதல் நாளே பார்க்காமல் அடித்தார். நானும் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அன்று முதல், தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறரைவரை அடித்துக்கொண்டிருப்பார். டைப்ரைட்டரின் தடதட சப்தம் இல்லை. மெல்லிய டிக் டிக் ஓசைதான். அரைத் தூக்கத்தில் அது என் காதில் விழும். என்ன அடிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. ஆபீஸ் காகிதமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு தடவை முதல் நாலு பக்கத்தைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு, அச்செடுக்கக் கடைவீதிக்குப் போனார். கடைக்காரரிடம் அந்த எழுத்துரு இல்லை. தமிழுக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்துக்கள் தாறுமாறாக வந்து விழுந்தன. "என்ன சார், இது ஜெர்மன் பாஷையா?" என்று கடைக்காரர் கேட்டாராம். அப்பா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். நாங்களும் சிரித்தோம். அத்துடன் அந்த விஷயம் மறந்து போயிற்று.

2000-ஆம் வருஷம் மே மாதம் எனக்கு விடுமுறை. தம்பியும் நானும் கண்ட கண்ட விளையாட்டுக்களையெல்லாம் ஏற்றியதில் யந்திரம் கட்டைவண்டி மாதிரி நகர்ந்தது. வன்தட்டைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும் வித்தையை நான் அப்போதுதான் கற்றிருந்தேன். கற்ற வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா? ஒரு மத்தியான்னம், அப்பா ஆபீஸில் இருக்கும் சமயம், வேலையை ஆரம்பித்தேன். கட்டளையைக் கொடுத்தவுடன் யந்திரம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இந்தத் தட்டில் உள்ள சகலமும் அழிந்துவிடும், மேற்கொண்டு செய்யலாமா, வேண்டாமா என்று கேட்டது. அந்த யந்திரத்துக்கு இருந்த விவேகம் எனக்கு இல்லை. செய்யலாம் என்ற விசையைத் தட்டினேன்.

மறு நாள் காலை ஐந்து மணிக்கு டிக் டிக் ஓசை கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏனம்மா, இங்கே என்னுடைய கோப்பு ஒன்று இருந்ததே?" என்றார்.

நான் செய்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "போகட்டும். தலைக்குள்ளே இருக்கிறதல்லவா? மறுபடி அடித்தால் ஆயிற்று" என்றார்.

அவர் மறுபடி அடிக்கவே இல்லை. விடியற்காலையில் எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அதில் சீட்டாட்டம் ஆடுவார். என்னைக் கோபித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனம் அன்றே சமாதானமடைந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நானும், "என்ன எழுதினீர்கள், அப்பா?" என்று கேட்கவில்லை. கேட்க வெட்கமாயிருந்தது. பிறகு உத்தியோகம், கல்யாணம், குழந்தைகள் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. 2011-இல் அப்பா காலமானார். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

மூன்று வருஷங்களுக்கு முன் பழைய வீட்டைக் காலி செய்தபோது, பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினோம். டைப்பிங் பரீட்சையில் தேறிய சர்ட்டிபிகேட் ஒரு காகித உறையில் இருந்தது. அதே உறைக்குள் அந்தப் பிளாப்பியும் இருந்தது! "ஜெர்மன் பாஷை"யின் நாலு பக்கம்!

பிளாப்பியைப் படிக்கும் கருவியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? தேடிப் பிடித்து ஒன்றை வாங்கினேன். இருபது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த தகடு. உயிர் இருக்குமோ இராதோ என்று கை நடுங்கிற்று. கரகரவென்று சற்று நேரம் முனகிவிட்டு அது திறந்தது. உள்ளே ஒரே கோப்பு. அதில் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை!

காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அந்நாளில் எழுத்துருக்காரர்கள் பலர், ஆங்கில எழுத்துக்களுக்கு ஏற்பட்ட எண்களின் மேலேயே தமிழ் உருவங்களை உட்காரவைத்தார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கிலம் பல்லை இளிக்கும். 'அப்பா' என்ற சொல் 'எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச்' என்று நிற்கும். தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி எண்களை ஒதுக்கியது யூனிகோடு முறை. தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010-இல். அப்பா எழுதியதோ அதற்குப் பத்து வருஷம் முன்பு.

இப்படிப்பட்ட கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆனால் அழித்த கைதான் மீட்கவும் வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். எந்த எழுத்துக்கு எது என்று நானே அட்டவணை போட்டேன். என் மாணவிகள் இருவர், பாடத்தில் படித்த பைத்தான் மொழியில் அதை நிரலாக எழுதினார்கள். முதலில் எல்லாம் சரியாக வந்தது, கொம்பைத் தவிர! டைப்ரைட்டரில் 'கொ' அடிக்கும்போது கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரத்தை அடித்து, கடைசியில் காலை அடிப்போம். எழுத்துருவும் அதே வரிசையில் வைத்திருந்தது. யூனிகோட்டிலோ ககரம் முந்தி, மற்றதெல்லாம் பிந்தி. ஆகவே 'கொ' முதலிய கூட்டெழுத்துக்களை முதலில் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் தனிக் கொம்புக்கும் தனிக் காலுக்கும் வரவேண்டும். இந்த ரகசியம் பிடிபட இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. மூன்றாவது சனிக்கிழமை அப்பா பேசினார்.

நாலு பக்கமும் 1977 நவம்பரில் திருச்சியில் வந்த வெள்ளத்தைப் பற்றியவை. அப்போது அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிது. உடைமைகளை இழந்தவர்கள் நிவாரண மனு எழுதிக் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அப்பா அடிப்பார். இழந்த பொருள் என்ன, அதன் மதிப்பு என்ன என்று இரண்டு பத்திகள். ஒரு நாள் கரையோரக் குடிசையிலிருந்து கைம்பெண் ஒருத்தி வந்தாள். ஆடு இரண்டு, நெல் மூட்டை ஒன்று, பாத்திரங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், "எங்க வீட்டுக்காரர் கையால கணக்கு எழுதின நோட்டு ஒண்ணு" என்றாள். "அதற்கு என்ன மதிப்புப் போடட்டும், அம்மா?" என்று அப்பா கேட்டாராம். "மதிப்பெல்லாம் வேண்டாம், ஐயா. இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க" என்றாளாம். அப்பா அப்படியே அடித்து, மதிப்புப் பத்தியைக் காலியாக விட்டார். அதற்காக மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினார். நாலாவது பக்கம் அதோடு முடிகிறது.

பிறர் மனுக்களை முப்பது வருஷம் அடித்த மனிதர், அவர்களை மறக்காமல் தமக்காக ஒரு முறை அடிக்க உட்கார்ந்தார். எத்தனை பேரை அப்படி எழுதிவைத்திருந்தாரோ! அதை நான் ஒரு விசையைத் தட்டி வெள்ளத்தில் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் சுவடியை எழுதிவைத்தால் மட்டும் போதாது. பழைய ஓலை இற்றுப்போவதற்கு முன் யாராவது புதிய ஓலையில் பெயர்த்து எழுதவேண்டும். பிளாப்பிக்கும், இன்றைய செல்போனுக்கும் அதே விதிதான். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதையாவது எழுதினால், என்ன எழுதுகிறார்கள் என்று அன்றைக்கே கேளுங்கள். பிறகு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எங்கள் வீட்டு முதல் கம்ப்யூட்டரில் அப்பா எழுதிய கோப்பு ஒன்று இருந்தது. அதன் மதிப்பு என்ன என்று என்னால் போட முடியாது. இருந்தது என்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.