கேட்டது கிடைக்காத நாளிலும்

செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோணியாரையும், புதன்கிழமைகளில் சகாய அன்னையையும் நாடி நம் ஆலயங்களில் நவநாள் செபம் நடைபெறுகின்றது. பெட்டியில் சேர்ந்த விண்ணப்பச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. மகளுக்கு நல்ல வரன், மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம், கணவருக்குக் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை என ஒரு பங்கின் கவலைகள் அனைத்தும் அச்சீட்டுகளில் அடங்கிவிடுகின்றன. பின்னர் நன்றியறிதல்கள் வாசிக்கப்படும்போது, யாரோ ஒருவர் பெற்ற நன்மைக்காக நம் உள்ளமும் குளிர்கின்றது.

ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. கேட்டும் கிடைக்காதவர்கள் சீட்டு எழுதுவதில்லை. வரன் அமையாத பெண்ணும், தேர்வில் மீண்டும் தோற்ற இளைஞனும், பிணியாளரை இழந்த இல்லத்தாரும் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். மற்றவர்களின் நன்றியறிதலைக் கேட்கும்போது அவர்கள் நெஞ்சில் எழும் வினாவை யார் அறிவார்? “அவர்களுக்குச் செவிசாய்த்த ஆண்டவர் எனக்கு மட்டும் ஏன் செவிசாய்க்கவில்லை?” என்னும் அவ்வினாவை எதிர்கொள்ளாத விசுவாசம் வெயிலில் வாடிவிடும்.

இதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று கிழக்கு நோக்கிச் சென்றால், கண்மாய்களும் கருவேல மரங்களும் நிறைந்த சமவெளியில் ஓரியூர் உள்ளது. மதுரை மறைப்பணித்தளத்தின் குருவாகிய புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய திருத்தலம் அது. அங்குள்ள சிவந்த மணலைப் பக்தியோடு எடுத்துச் செல்வோரும், பிள்ளைவரம் வேண்டி வருவோரும் பலர். அவர் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு சிறைவாசங்களை அருகருகே வைத்துப் பார்ப்போமாக.

1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், அரசவையோடு நெருங்கிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சிறுவயதில் கடும் நோயுற்றார். மகன் பிழைத்தால் ஓராண்டுக்காலம் இயேசு சபையாரின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். சிறுவன் பிழைத்தான், நேர்ச்சையும் நிறைவேறியது. பின்னர் அவ்வங்கியையே தம் வாழ்வாகத் தேர்ந்துகொண்டு, 1673ஆம் ஆண்டு குருவாகி இந்தியாவுக்குக் கப்பலேறினார். பண்டார சுவாமிகளைப் போலக் காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழ் பேசி, கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று மறை போதித்தார்.

1686ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மறவர் சீமையில் உபதேசியார் சிலரோடு அவர் பிடிக்கப்பட்டார். அடிக்கப்பட்டனர், கட்டுண்டு நீரில் மீண்டும் மீண்டும் அமிழ்த்தப்பட்டனர், சாவு உறுதியெனக் காத்திருந்தனர். ஆயினும் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவர்களை விடுவித்தார். தம் நாட்டில் இனி மறை போதிக்கலாகாது என்று மட்டும் கட்டளையிட்டார். அன்று நம் பங்குகளில் நவநாள் இருந்திருப்பின், எத்துணை நன்றியறிதல் சீட்டுகள் எழுதப்பட்டிருக்கும்!

அதன்பின் பணியின் பொருட்டு அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். சிறுவயதில் உடன் பழகிய அரசர் இரண்டாம் பேதுரு அவரைத் தம் நாட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். அரண்மனை நிழலை விட்டு, தம்மை அடித்த சீமைக்கே அவர் திரும்பினார். 1693ஆம் ஆண்டு சனவரி மாதம், தடியத்தேவர் என்னும் மறவர் குலத் தலைவர் திருமுழுக்குப் பெற்று, ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதனால் மூண்ட சினத்தில் சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் சிறைப்பட்டார்; பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு மாண்டார். அதற்கு முந்திய நாள், மையில்லாமையால் கரியை நீரில் கரைத்துத் துரும்பினால் உடன்குருக்களுக்கு மடல் எழுதினார் என்பர். விடுதலைக்கான மன்றாட்டை அம்மடலில் காண்கிலோம். மணவிழாவுக்குப் புறப்படுபவரின் மகிழ்ச்சியையே காண்கிறோம்.

முதற்சிறையில் விடுதலை, இரண்டாம் சிறையில் வாள். முதன்முறை அவருடைய விசுவாசம் பெரிதாயிருந்தது, இரண்டாம் முறை சிறிதாயிற்று என்று யாரேனும் துணிந்து கூறுவரோ? அன்றி, 1686இல் அவரை நேசித்த இறைவன் 1693இல் மறந்துவிட்டார் என்பரோ? திருச்சபை 1853இல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் புனிதராகவும் உயர்த்தியது, உயிர் தப்பிய நாளுக்காக அன்று. உயிர் தந்த நாளுக்காக. அவர் இறந்த செய்தி எட்டியபோது, அவருடைய தாய் துக்க உடை களைந்து விழாக்கோலத்தோடு அரசவைக்குச் சென்றார் என்று கூறப்படுகின்றது. நோயுற்ற குழந்தைக்காக அன்று நேர்ந்துகொண்டவரும் அவரே. வளர்ந்த மகனை இறைவன் கையில் விட்டவரும் அவரே.

புனிதர்களுக்கு அது இயலும், நம்மால் இயலுமா என்று கேட்கத் தோன்றும். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவது பொருந்தும் என எண்ணுகிறோம்.

எங்கள் மூத்த மகனுக்கு ஆறு வயதாயிருக்கையில் கொடிய காய்ச்சல் கண்டு, பதினொரு நாள் நினைவின்றிக் கிடந்தான். மருத்துவர்கள் உறுதி கூறவில்லை. இல்லத்தார் அனைவரும் இரவும் பகலும் செபமாலை சொன்னோம். பன்னிரண்டாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டான். ஓரியூருக்குச் சென்று நன்றி செலுத்தித் திரும்பினோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம், மரியன்னையின் வணக்க மாதம். கொரோனாத் தொற்றினால் ஊரெங்கும் அடைப்பு. ஆலயக் கதவுகளும் அடைபட்டிருந்தன. எங்கள் தம்பி மருத்துவமனையில் பதினாறு நாள் மூச்சுக்குப் போராடினார். அதே அறை, அதே பீடம், அதே செபமாலை, அதே வாய்கள். அவர் வீடு திரும்பவில்லை. கல்லறைக்குச் செல்லவும் எங்களுள் சிலருக்கே வழியிருந்தது.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு, எண்பது வயதைக் கடந்த எங்கள் அன்னை வழக்கம்போல் திரியை ஏற்றிவிட்டு முழந்தாளிட்டார். எங்களுக்கு நா எழவில்லை. அருள் நிறைந்த மரியே செபத்தின் முற்பகுதியையும் அவரே சொன்னார். நாங்கள் சொல்ல வேண்டிய பிற்பகுதியையும் அவரே சொன்னார். ஐம்பத்து மூன்று மணிகளையும் அவ்வாறே தனியாகச் சொல்லி முடித்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், தம்பியின் பதினொரு வயது மகள் பாட்டியின் அருகே சென்று அமர்ந்து பிற்பகுதியைச் சொல்லத் தொடங்கினாள். அதன்பின் எங்கள் வாய்களும் திறந்தன.

சில நாட்கள் கழித்துத் துக்கம் விசாரிக்க வந்த பெண்மணி ஒருவர், “இன்னும் உருக்கமாய்ச் செபித்திருந்தால் ஆண்டவர் இரங்கியிருப்பார்” என்று கூறிவிட்டார். நாங்கள் துடித்துப்போனோம். அன்னையோ கோபமின்றி, “பேரன் பிழைத்தபோது எங்கள் செபம் பெரிது என்று நான் சொல்லவில்லையே, அம்மா; இப்போது அது சிறிது என்று ஏன் சொல்லவேண்டும்?” என்றார். அவ்விடையை விட நல்ல மறையுரையை நாங்கள் கேட்டதில்லை.

ஆம், அன்பர்களே! கிடைத்ததால் நம்புவது பண்டமாற்று. கிடைக்காதபோதும் கைவிடாது பற்றிக்கொள்வதே விசுவாசம். பாபிலோன் நாட்டில் எரியும் சூளையின் முன் நின்ற மூன்று இளைஞர், எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்ற வல்லவர் என்று சொன்னதோடு நிற்கவில்லை. அவர் காப்பாற்றாமற் போனாலும் உம் சிலையை வணங்கோம் என்று அரசனிடம் மேலும் ஒரு சொல்லைச் சேர்த்தனர். அந்த ‘போனாலும்’ என்னும் சொல்லில்தான் அவர்கள் விசுவாசத்தின் முழு எடையும் உள்ளது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என மன்றாடினார். அது அகலவில்லை. இறைமகனின் செபத்திலேயே குறை காண்போமா? கேட்பது குற்றமன்று, அழுவதும் குற்றமன்று. தந்தையின் சித்தத்திற்குத் தம்மைக் கையளித்து எழுந்து நடந்தாரே, அந்த நடையைத்தான் நாம் கற்கவேண்டும்.

நம் சமவெளியின் உழவர் இதனை நன்கு அறிவர். வைகையும் பெரியாறும் எட்டாத மேட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் வானத்தையன்றி வேறு துணையில்லை. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சியுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆலயங்களில் மழைக்காக மன்றாடியோரின் வயல்களும் வெடித்தே கிடந்தன. ஆயினும் அடுத்த ஆடியில் அவர்கள் கலப்பையைச் செப்பனிட்டனர். கடன் வாங்கியேனும் விதை தேடினர். வெறுங்காட்டில் விதை தூவும் அக்கை, வாய் திறவாமலேயே விசுவாச அறிக்கை செய்கின்றது.

ஆகவே, துன்புற்ற இல்லங்களுக்குச் செல்லும்போது நாம் சிலவற்றை மனத்திற்கொள்வது நலம். இறைவனின் கணக்கை விளக்க முற்படவேண்டாம். அது நமக்குக் காட்டப்படவில்லை. செபம் போதவில்லை என்று ஒருபோதும் கூறவேண்டாம். புண்ணில் புளியைத் தேய்க்கும் செயல் அது. உலையில் அரிசி போட ஆளில்லாத வீட்டிற்குச் சோறு கொண்டு செல்வோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கேட்டறிவோம். செபிக்க நா எழாதவர்கள் அருகே முழந்தாளிட்டு, அவர்கள் பகுதியையும் நாமே சொல்வோம். அவர்கள் குரல் திரும்பும் நாள் வரும். அதுவரை நம் குரல் அவர்களைத் தாங்கட்டும்.

பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தரின் திருநாள். அன்று நம் இல்லங்களில் வழக்கமான விண்ணப்பங்களுக்கு முன்னே இதனையும் வேண்டிக்கொள்வோமாக: ஆண்டவரே, நாங்கள் கேட்பதைத் தாரும். தாராத நாளில், மாலை ஏழு மணிக்கு மீண்டும் முழந்தாளிடும் மனத்தையேனும் தாரும்.